சம்பளப் பட்டியலில் தேடிய லாபம்

2020 ஜூலை 14 தேதியிட்டு, டெல்லி குருத்வாரா ரகாப்கஞ்ச் சாலையில் இருந்த ஏர் இந்தியா தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வெளிவந்தது. தகுதி, திறமை, வேலையின் தரம், உடல்நிலை, முன்பு பணிக்கு வராமல் போன நாட்கள், பணியிடம் தேவைக்கு மிஞ்சியதா என்பது, இவற்றையெல்லாம் பார்த்து யார் யாரைச் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் அனுப்பலாம் என்று துறைத் தலைவர்களும் மண்டல இயக்குநர்களும் பட்டியல் எடுக்க வேண்டும். விடுப்பு ஆறு மாதமோ இரண்டு வருடமோ இருக்கலாம். ஐந்து வருடம் வரை நீட்டவும் வழி உண்டு. பத்து நாள் கழியுமுன் அதே நிறுவனம் இன்னொன்றும் சொன்னது: மற்ற விமான நிறுவனங்கள் ஆட்களை நீக்கியிருக்கலாம், ஏர் இந்தியாவில் ஒருவரையும் நீக்கமாட்டோம்.

ஐந்து வருடம் சம்பளம் வாங்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரை ஊழியர் என்று சொல்ல அலுவலகக் கோப்பு ஒன்றால்தான் முடியும். அன்று நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. விடுப்பில் அனுப்பினால் அந்தச் செலவு மிச்சம். ஏர் இந்தியா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட திட்டங்களில் சட்டத்தின் ஓரமாகவே நடந்து பார்த்தது இதுதான்.

2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைந்ததிலிருந்து இன்றுவரை அந்த நிறுவனம் செலவைக் குறைப்பதாகச் சொல்லிப் போட்ட பெரிய திட்டங்கள் நான்கு என்று எடுத்துக்கொள்கிறேன்: 2009-இன் ஊக்கத்தொகை வெட்டு, 2012-இன் மீட்புத் திட்டம், 2020-இன் கட்டாய விடுப்பு, டாடா கைக்கு வந்தபின் 2022-இல் தொடங்கிய விருப்ப ஓய்வு. இவற்றை எடைபோட நான் கேட்பது முக்கியமாக ஒன்றுதான்: பணம் ஒழுகிய இடத்தில் கை வைத்தார்களா? அடுத்ததாக, வேலை போகிறவருக்கு அதன் விலையைக் கொடுத்தார்களா என்றும் பார்க்க வேண்டும். வேலை போகும் என்ற மிரட்டலே நிறுவனத்துக்கு என்ன செலவு வைத்தது என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் நிர்வாகத்தின் வாதத்தில் உள்ள உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆள் அதிகம் என்பது பொய்யில்லை. இணைப்பின்போது இரண்டு நிறுவனங்களிலும் சேர்த்து 31,000 பேருக்கு மேல் நிரந்தர ஊழியர்கள் இருந்தார்கள். ஒரு விமானத்துக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு துறைகள், இரண்டு தலைவர்கள், இரண்டு சீனியாரிட்டி பட்டியல்கள். அமைச்சரின் சிபாரிசில் ஆள் சேர்த்த காலமும் உண்டு. தொழிற்சங்கத்தார் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கியது அவர்களுக்கே பின்னால் கெடுதலாக முடிந்தது.

ஆனால் ஆள் அதிகம் என்பதும் அதனால்தான் நஷ்டம் என்பதும் வேறு வேறு கூற்றுகள். 2008-09-இல் நிறுவனத்தின் நஷ்டம் 5,500 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலத்தில் வருடச் சம்பளச் செலவு ஏறத்தாழ 3,000 கோடி. தலைவர் முதல் லோடர் வரை ஒருவர்கூட ஒரு பைசா வாங்காமல் வருடம் முழுக்க உழைத்திருந்தாலும் ஏர் இந்தியா நஷ்டத்தில்தான் இருந்திருக்கும். இந்தச் சின்னக் கணக்கை அன்றைய விவாதங்களில் யாரும் உரக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மிச்சம் எங்கே போனது? 2011-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2005 முடிவில் 111 விமானங்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்: ஏர் இந்தியாவுக்கு 68 போயிங், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ். நிறுவனத்தின் பங்கு முதல் வெறும் 145 கோடி. விமானங்கள் கிட்டத்தட்ட முழுக்கக் கடனில் வந்தன. அதே சமயத்தில் வளைகுடா நாடுகளோடு போட்ட இருதரப்பு ஒப்பந்தங்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இருக்கைகளை அரசு தாராளமாக அள்ளிக் கொடுத்தது. துபாய்க்கான வார இருக்கை உரிமை சில வருடங்களில் 54,000-ஐத் தாண்டியது. கடனில் விமானம் வாங்கிக் கொடுத்து, அந்த விமானத்தில் ஏற வேண்டிய பயணியை எமிரேட்ஸுக்கு அனுப்பிவைத்தவர்கள் டெல்லி ராஜீவ் காந்தி பவனில் இருந்தார்கள். அவர்கள் எவர் பெயரும் எந்தச் சிக்கனத் திட்டத்தின் பட்டியலிலும் வரவில்லை.

2009-க்கு வருவோம். ஜூன் மாதச் சம்பளம் பதினைந்து நாள் தள்ளிப்போனது. உயரதிகாரிகள் ஜூலைச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு செப்டம்பரில் உற்பத்தித்திறன் ஊக்கத்தொகையில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டு. ‘பி.எல்.ஐ.’ என்று ஊழியர்கள் சொன்ன அந்தத் தொகை பேருக்குத்தான் ஊக்கத்தொகை; பலருக்கு அதுதான் சம்பளத்தில் பாதி. நிறுவனம் எவ்வளவு நஷ்டத்தில் ஓடினாலும் அது வந்துகொண்டிருந்தது என்பது வெட்கக்கேடான விஷயம், அதைத் திருத்த வேண்டியதும் நியாயம். திருத்திய விதம்தான் கோணல். நிர்வாகப் பொறுப்பிலும் இருந்த பைலட்டுகள் செப்டம்பர் கடைசியில் மொத்தமாக ‘சிக் லீவ்’ போட்டார்கள். நான்கைந்து நாள் விமானங்கள் ரத்தாயின. நிர்வாகம் இறங்கி வந்தது. சேமிப்பும் இல்லை, சீர்திருத்தமும் இல்லை. கூட்டமாக உடம்பு சரியில்லை என்று சொன்னால் காரியம் நடக்கும் என்ற பாடத்தை மட்டும் அந்த வாரம் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் மறக்கவில்லை: 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் க்ரூ அதையே செய்தார்கள். நிர்வாகம் 25 பேரை நீக்கியது. டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்ததும் அந்த 25 பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். இடையில் ரத்தான விமானங்களின் கணக்கு நூறைத் தாண்டியிருந்தது.

2012 திட்டம் இவற்றில் பெரியது, யோசித்துச் செய்ததும்கூட. அந்த ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2020-21 வரை தவணை தவணையாக 30,231 கோடி ரூபாய் பங்கு முதலீடு தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பதிலாக நிறுவனம் நேரம் தவறாமை, இருக்கை நிரம்பும் விகிதம், வருவாய் என்று இலக்குகளை எட்ட வேண்டும். நிலம், கட்டடங்களை விற்றும் வாடகைக்கு விட்டும் ஆண்டுக்கு 500 கோடி திரட்ட வேண்டும். காகிதத்தில் இது சரியான நோயறிதல்தான். கடன்தான் வியாதி என்று முதல்முறையாக ஒத்துக்கொண்டார்கள். அதற்காக அதற்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

நடந்ததைப் பார்த்தால் அந்த மதிப்பெண் நிற்கவில்லை. சொத்து வழிப் பணம் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. வாங்கிய எட்டு போயிங் 777-200 எல்.ஆர். விமானங்களில் ஐந்தை 2013-14-இல் எத்திஹாடுக்கு விற்றார்கள். அந்த விற்பனையில் 671 கோடி இழப்பு என்று தணிக்கை அறிக்கை 2017-இல் எழுதியது. 2015-16-இல் 105 கோடி செயல்பாட்டு லாபம் வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். தணிக்கையாளர் அதைத் திருப்பிப் போட்டு எண்ணி, 321 கோடி நஷ்டம் என்றார். திட்டம் தொடங்கிய வருடமே 58 நாள் பைலட் வேலைநிறுத்தம் வேறு. புதிய ட்ரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி, பழைய ஏர் இந்தியாக்காரருக்கா பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்காரருக்கா என்பதுதான் சண்டை. ஐந்து வருடத்துக்கு முன் நடந்த இணைப்பு மனிதர்கள் அளவில் இன்னும் நடக்கவே இல்லை. நூறு பேருக்கு மேல் வேலை நீக்க உத்தரவு வாங்கினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஜூலையில் வேலைநிறுத்தம் முடிந்தது.

ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது, பலரும் சாதனை என்று எழுதிய பகுதி. பொறியியல் பராமரிப்பையும் தரைப்பணியையும் இரண்டு தனித் துணை நிறுவனங்களாகப் பிரித்து ஏறத்தாழ 19,000 பேரை அங்கே மாற்றுவதாகத் திட்டம். விமானத்துக்கு இத்தனை ஊழியர் என்ற விகிதம் மளமளவென்று இறங்கியது. செலவு இறங்கவில்லை. அதே ஆள், அதே ஹேங்கர், அதே சம்பளம். பணம் கொடுக்கும் உறைமேல் வேறு பெயர். வெளிநாட்டு நிறுவனங்களின் விமானங்களைப் பழுதுபார்த்து அந்தத் துணை நிறுவனங்கள் சம்பாதிக்கும் என்ற எதிர்பார்ப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு, அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த இடமாற்றத்தின் உண்மையான விளைவு ஒன்பது வருடம் கழித்தே தெரிந்தது.

2021 அக்டோபர் 8 அன்று ஏர் இந்தியா விற்பனைக்கான ஏலத்தில் டாடா வென்றதாக அரசு அறிவித்தது: 18,000 கோடி, அதில் 15,300 கோடி கடனாக, 2,700 கோடி ரொக்கமாக. அன்றைக்கு மொத்தக் கடன் 61,562 கோடி. தினசரி நஷ்டம் சுமார் 20 கோடி. ஊழியர்களுக்கு ஓர் உறுதிமொழியும் இருந்தது. முதல் வருடம் ஒருவரையும் நீக்கக் கூடாது, இரண்டாம் வருடம் நீக்குவதானால் விருப்ப ஓய்வுப் பணம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த உறுதிமொழி ஏர் இந்தியாவின் 12,085 பேருக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 1,434 பேருக்கும்தான். பராமரிப்பு நிறுவனமும் தரைப்பணி நிறுவனமும் அந்த விற்பனையில் சேரவில்லை. 46,000 கோடிக்கு மேற்பட்ட பழைய கடனோடு சேர்த்து அரசின் சொத்து வைப்பு நிறுவனத்தின் கீழ் தங்கிவிட்டன. 2012-இல் விகிதத்தை அழகுபடுத்துவதற்காக வேறு அறைக்கு மாற்றப்பட்டவர்கள், 2021-இல் கதவு சாத்தப்பட்டபோது வெளியே நின்றார்கள். திட்டம் போட்டவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். நினைத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இனி, தொடக்கத்தில் சொன்ன 2020 உத்தரவு. கொரோனாவில் உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்ற நேரம். பணம் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்டிகோ அதே ஜூலையில் பத்தில் ஒரு பங்கு ஊழியர்களை நீக்குவதாக வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான இழப்பீட்டையும் அறிவித்தது. கொடுமைதான், ஆனால் நேர்மையான கொடுமை. ஏர் இந்தியாவின் முதலாளியோ அரசு. அந்த அரசு, தலைவர்களின் சிறப்பு விமானப் பயணங்களுக்காக மட்டும் ஏர் இந்தியாவுக்கு 822 கோடி ரூபாய் பாக்கி வைத்திருந்தது என்பது 2019 நவம்பர் முடிவின் கணக்கு. தான் ஏறிய விமானத்துக்குக் கட்டணம் கட்டாத முதலாளி, அந்த விமானத்தைத் துடைத்தவரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்ப உடல்நிலைப் பட்டியல் கேட்கிறார். இதற்கு மேல் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுவதே வீண் என்று தோன்றினாலும் ஒன்று விட்டுப்போகக் கூடாது. அந்த ஆகஸ்டில், ராஜினாமா கொடுத்துப் பிறகு அதைத் திரும்பப் பெற்றிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பைலட்டுகளின் ராஜினாமாவைத் திடீரென்று ஏற்று வெளியே அனுப்பினார்கள். 2021 ஜூன் 1 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மீண்டும் பணியில் சேர்த்துப் பழைய சம்பளமும் கொடுக்கச் சொன்னது. மிச்சம் பிடித்தது போக வக்கீல் செலவும் சேர்ந்தது.

டாடாவின் விருப்ப ஓய்வு இவற்றோடு ஒப்பிட்டால் கௌரவமானது. 2022 ஜூனில் வயது வரம்பை 55-இலிருந்து 40-க்கு இறக்கினார்கள். முதல் மாதத்தில் ஒப்புக்கொண்டவருக்குக் கூடுதல் தொகையும் உண்டு. 2023 மார்ச்சில் இரண்டாம் சுற்று. போகிறவர் கையில் பணத்தோடு போனார், போகமாட்டேன் என்றவர் இருந்தார். 2024 மார்ச்சில் பறக்காத பணியிடங்களிலிருந்து சுமார் 180 பேரை நீக்கியதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். வசந்த் விஹார் ஊழியர் குடியிருப்பில் தலைமுறையாக இருந்தவர்களை ஆறு மாதத்தில் காலி செய்யச் சொன்ன சங்கடம் இதில் சேராது. அந்த நிலம் அரசிடமே இருந்தது, அந்த முடிவும் அரசின் முடிவு.

கௌரவமாகச் செய்தது சரி, பலன்? இங்கேதான் விமர்சகர்கள் சீக்கிரம் கைதட்டிவிடுகிறார்கள். விருப்ப ஓய்வு நடந்துகொண்டிருந்த அதே 2023-இல் 4,200 கேபின் க்ரூவையும் 900 பைலட்டுகளையும் புதிதாக எடுப்பதாக ஏர் இந்தியா அறிவித்தது. 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆக, ஆள் எண்ணிக்கை பிரச்சினையாக இருக்கவில்லை. யார் எந்த வேலையில், எந்தப் பயிற்சியோடு என்பதுதான் பிரச்சினை. இதை எதிர்த்து, இளையவர்களை எடுத்து மூத்தவர்களை அனுப்பியதில் சராசரிச் சம்பளம் குறைந்திருக்குமே என்று ஒருவர் சொல்லலாம். குறைந்திருக்கட்டும். 2024-25-இல் ஏர் இந்தியாவும் எக்ஸ்பிரஸும் சேர்ந்து வரிக்கு முன் இழந்தது 9,568 கோடி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதன்பின் வந்த சுமைகள் இன்னும் பெரியவை. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் வான்வெளி மூடியதில் டெல்லியிலிருந்து மேற்கே போகும் அதன் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வருடத்துக்கு 60 கோடி டாலர் கூடுதல் செலவு என்பது நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு. ஜூன் 12 ஆமதாபாத் விபத்து 260 உயிர்களைக் கொண்டுபோனது. செப்டம்பரில் டெல்லி–வாஷிங்டன் சேவையையே நிறுத்தினார்கள். இவை ஒன்றும் விருப்ப ஓய்வு கொடுத்துத் தீரும் செலவுகள் இல்லை. 2025-இல் டெல்லியில் நிரப்பிய விமான எரிபொருளுக்கு 25 சதவீத வாட் வரி, சென்னையில் 29 சதவீதம். செலவுப் பட்டியலில் முதல் இடம் எரிபொருளுக்குத்தான், அதில் கை வைக்க நிறுவனத்துக்கு அதிகாரமே இல்லை. அதிகாரம் இருக்கும் ஒரே இனம் சம்பளம் என்பதால் எல்லாத் திட்டங்களும் அங்கேயே போய் நிற்கின்றன.

தனியார் நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. 2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் 1,900 பேரை நீக்க முனைந்து, அழுத அந்த ஊழியர்களைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தபின் ஓரிரு நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. கடன் மட்டும் போகவில்லை, 2019 ஏப்ரலில் கதவையே சாத்தியது. குருகிராமில் இருக்கும் ஸ்பைஸ்ஜெட் 2024 பிப்ரவரியில் 1,400 பேரை வெட்டினால் வருடத்துக்கு 100 கோடி வரை மிச்சம் என்றது. ஏழு மாதம் கழித்து மூச்சு விட அதற்குத் தேவைப்பட்ட புதிய முதல் 3,000 கோடி. முப்பது வருடம் ஆட்குறைப்பு செய்து சேர்க்க வேண்டிய பணம் அது.

இன்டிகோவைக் காட்டி, குறைந்த ஆளில் லாபம் வருகிறதே என்பார்கள். 2024-25-இல் வரிக்கு முன் அதன் லாபம் 7,500 கோடிக்கு மேல், உண்மை. அதன் அடிப்படை பெரும்பாலும் ஒரே வகை விமானம், வாங்கியதும் விற்றுக் குத்தகைக்கு எடுக்கும் முறை, தரையில் விமானத்தை நிறுத்தாத வேகம். இழுத்துப் பிடித்த ஆள் கணக்கும் அதில் ஒரு பகுதிதான், அதன் எல்லை 2025 டிசம்பரில் தெரிந்தது. பைலட்டுகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் விதி முழுமையாக அமலுக்கு வந்ததும் பணிப் பட்டியல் சரிந்தது. டிசம்பர் 5 அன்று ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து, டெல்லியிலிருந்து புறப்பட வேண்டிய அதன் உள்நாட்டு விமானங்கள் அன்று நள்ளிரவு வரை ஒன்றுகூடக் கிளம்பவில்லை. மிச்சம் பிடித்த பைலட் சம்பளம் எத்தனை வருடத்துக்கானதோ, ஒரே வாரத்தில் போயிருக்கும்.

என் தீர்ப்பில் 2020 திட்டம் எந்த அளவிலும் தேறாது. 2009 சரியான குறையைத் தவறான கையால் தொட்டது. 2012 நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, மருந்தை விட்டுவிட்டு எடைக்கருவியைத் திருத்தியது; அதன் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் அதைப் போட்டவர்கள் அல்ல. டாடாவின் திட்டம் மனிதர்களை நடத்திய விதத்தில் தேறுகிறது, பணக் கணக்கில் இன்னும் தேறவில்லை. 9,568 கோடியில் எவ்வளவு எரிபொருளால், எவ்வளவு வட்டியால், உதிரிபாகம் இல்லாமல் தரையில் நின்ற விமானங்களால் எவ்வளவு, சம்பளத்தால் எவ்வளவு என்று நிறுவனம் வரிவரியாக வெளியிடாதவரை, அடுத்த ஆட்குறைப்பு அறிவிப்பு வரும்போது அதைச் சிக்கனத் திட்டம் என்று நான் எழுதப் போவதில்லை.